பார்த்துச் சொல்வதும் உழைப்பே

‘சும்மா பார்த்ததற்கு எதற்குக் காசு?’

பெங்களூரு காக்ஸ் டவுனின் வாகனப் பழுதுபார்க்கும் கடைகளில் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் நாள்தோறும் ஒலிக்கும் கேள்வி இது. ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று தள்ளிக்கொண்டு வருகிறார் ஒருவர். மெக்கானிக் இரண்டு மணி நேரம் குனிந்து நின்று, ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்து, இருக்கைக்கு அடியில் பச்சை பூத்துப் போன ஓர் இணைப்பைக் கண்டுபிடிக்கிறார். சுரண்டித் துடைத்து மாட்டியதும் வண்டி உயிர்பெறுகிறது. முந்நூறு ரூபாய் கேட்டால் வண்டிக்காரரின் முகம் சுருங்குகிறது. ‘ஒரு சாமான்கூட மாற்றவில்லையே!’ என்கிறார். அடுத்த தெருவில் இன்னொரு கடை. அங்கே வண்டியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, காயிலை மாற்று, பேட்டரியை மாற்று என்று இரண்டாயிரம் ரூபாய்க்குப் பட்டியல் எழுதித் தருகிறார்கள். அந்தப் பணம் முணுமுணுப்பின்றிக் கொடுக்கப்படுகிறது. கையில் புதிய பெட்டி ஒன்று வந்துவிட்டதல்லவா!

இந்தச் சிறிய காட்சிக்குள் பெரிய அநீதி ஒன்று ஒளிந்திருக்கிறது. பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு அபராதம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றியவருக்குப் பரிசு. இதுவே சந்தையின் விதி என்றால் நேர்மையான தொழிலாளி எத்தனை நாள் நேர்மையாக இருக்க முடியும்? உதிரிபாகக் கடையின் கமிஷனில்தான் அடுப்பெரியும் என்ற நிலை வந்துவிட்டால், பழுதைக் கண்டுபிடிப்பது அவருக்கு நட்டம். கண்டுபிடிக்காமல் இருப்பதே லாபம்.

வருந்தத்தக்க செய்தி என்னவெனில், உழைப்பின் மதிப்பைப் பற்றி மேடைதோறும் முழங்கும் தோழர்கள் சிலரும் கடை வாசலில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதுதான். ‘பார்ப்பதற்குக் காசு வாங்குவது கொள்ளை’ என்பது முற்போக்கான முழக்கமாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. அது முற்போக்கு அன்று. கைக்கு மட்டுமே கூலி, மூளைக்குக் கூலியில்லை என்று தொழிலாளியை இரண்டாகப் பிளக்கும் பழைய மேட்டிமையின் மறுபதிப்பே அது. மருத்துவர் நாடி பிடித்தால் கட்டணம், வழக்கறிஞர் கட்டைப் புரட்டினால் கட்டணம். எண்ணெய் படிந்த கை பழுதை ஆராய்ந்தால் மட்டும் ‘சும்மா பார்த்தது’!

கன்டோன்மென்ட் காலத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரைச் சூட்டிக்கொண்ட பகுதி காக்ஸ் டவுன். ராணுவக் குடியிருப்பின் தேவைகளுக்காகச் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ் உழைப்பாளிகளின் வழிவந்தோர் இன்றும் அதிலும் அதைச் சுற்றிலும் வாழ்கிறார்கள். சுத்தியலும் ஸ்பேனரும் பல குடும்பங்களுக்குத் தலைமுறைச் சொத்து. ஆகவே பழுதறியும் உழைப்புக்குக் கூலி உண்டா இல்லையா என்பது இங்கே ஏட்டுச் சுரைக்காய் அன்று; உலை கொதிக்குமா என்ற கேள்வி.

கடலில் தெரியும் உண்மை

காக்ஸ் டவுனிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் அல்சூர் ஏரி இருக்கிறது. அங்கே சுற்றுலாப் படகின் எஞ்சின் நின்றுபோனால் உல்லாசப் பயணிக்கு அரைமணி நேரம் வீண், அவ்வளவுதான். அதே பழுது கன்னியாகுமரிக் கடலிலோ ராமேசுவரம் கடலிலோ நேர்ந்தால் கதை வேறு. நகரத் தெருவில் மங்கலாகத் தெரியும் உண்மை கடலில் வெட்டவெளிச்சமாகிவிடும். எனவே ஃபைபர் படகில் பூட்டப்படும் அவுட்போர்டு எஞ்சினை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை ஆராய்வது பயன்தரும்.

கடலில் எஞ்சின் திணறுகிறது. வேகம் கூட்டினால் நின்றுவிடுகிறது. காரணம் பத்து இருக்கலாம். எரிபொருளில் நீர் கலந்திருக்கலாம். கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால் நீர் அடியில் தங்கி உண்மையைச் சொல்லிவிடும். ஸ்பார்க் பிளக்கின் நுனி கரி படிந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்பதை வைத்தே உள்ளே எரிதல் எப்படி நடக்கிறது என்று தேர்ந்த கண் கணித்துவிடும். குளிர்விக்கும் நீர் வெளியே பீய்ச்சுவது நின்றிருந்தால் நீரிறைக்கும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். அல்லது வழியில் மணலோ உப்போ அடைத்திருக்கலாம். கியர் ஆயில் பாலைப்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இவற்றில் ஒவ்வொன்றையும் வரிசையாக விலக்கி, எஞ்சி நிற்கும் ஒன்றைப் பிடிப்பதுதான் பழுதறிதல். ‘இது இல்லை’ என்று உறுதிசெய்வதும் அந்த உழைப்பின் பகுதியே.

இன்னொரு சிக்கலும் உண்டு. கரையில் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் எஞ்சினை இறக்கி ஓட்டினால் அது குற்றமின்றி ஓடும். சுமையேற்றி அலையில் செலுத்தும்போதுதான் நோய் வெளிப்படும். அப்போது மெக்கானிக் படகிலேறிக் கடலுக்குச் சென்று ஓட்டிப் பார்த்தாக வேண்டும். அரை நாள் போகும், எரிபொருள் செலவாகும். பார்த்துவிட்டு வந்து, ‘எஞ்சினில் குறையில்லை, டாங்கியின் மூடியில் காற்றுத்துளை அடைத்திருக்கிறது’ என்று சொன்னால் மாற்றவேண்டிய சாமான் எதுவுமில்லை. சாமான் இல்லை என்பதால் கூலியும் இல்லை என்று சொல்ல எந்த நியாயத்தில் இடமுண்டு?

தவறான ஊகத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். மீன்பிடித் தொழிலில் பங்குமுறை நிலவுகிறது. விற்ற பணத்தில் எரிபொருள், ஐஸ் முதலிய செலவுகள் போக, எஞ்சியது படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிகிறது. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எல்லா ஊருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: படகு கரையில் கிடக்கும் நாளில் பங்கு இல்லை. மெக்கானிக் ஒருவர் ஊகத்தில் கார்புரேட்டரை மாற்றி, அது பலிக்காமல் பம்பை மாற்றி, அதுவும் பலிக்காமல் நான்காம் நாள் உண்மையான பழுதை அடைந்தால், உதிரிபாகத்தின் விலை படகுக்காரர் தலையில் விழுகிறது. வேலையற்ற மூன்று நாள்களின் பட்டினி உடன் செல்லும் தொழிலாளிகளின் வயிற்றில் விழுகிறது. அந்த மூன்று நாள் பட்டினி எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், ஆண்டுக்கு 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது நீக்கப்படும் காலம் அது. வருமானமே இல்லாத அந்த நாள்களில்தான் செலவு முழுவதும் வந்து சேர்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி எஞ்சினைச் சீர்செய்கிறவர், தடை முடிந்ததும் அந்த வியாபாரி சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கவேண்டிய கட்டுக்குள் சிக்குகிறார். தேவையற்ற உதிரிபாகம் ஒன்று அந்தக் கட்டை இன்னும் ஒரு முடிச்சு இறுக்குகிறது. சரியான பழுதறிதல் என்பது இங்கே கடனிலிருந்து விடுபடும் வழிகளில் ஒன்று.

எதற்குக் கூலி, எதற்கு இல்லை?

சிக்கலான உழைப்பு என்பது பெருக்கப்பட்ட எளிய உழைப்பு என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியின் தொடக்க அத்தியாயத்திலேயே தெளிவுபடுத்திவிட்டார். பத்து நிமிடத்தில் பழுதைச் சொல்லும் கையின் பின்னால் பத்தாண்டுப் பயிற்சி இருக்கிறது. அந்தப் பயிற்சியின் மதிப்பு அந்தப் பத்து நிமிடத்திற்குள் அடங்கியிருக்கிறது. விரைவாகக் கண்டுபிடித்தார் என்பதற்காகக் கூலியைக் குறைப்பது, திறமையைத் தண்டிப்பதாகும். அதே நூலில் அவர் நேரக்கூலி, உருப்படிக்கூலி ஆகியவற்றை ஆராய்ந்து, கூலியின் வடிவம் உழைப்பின் தன்மையையே மாற்றிவிடும் என்று காட்டினார். பொருத்திய சாமானின் எண்ணிக்கையை வைத்துக் கூலி என்பது உருப்படிக்கூலியின் வக்கரித்த வடிவம். அது மெக்கானிக்கை உழைப்பாளி என்ற நிலையிலிருந்து உதிரிபாக நிறுவனத்தின் விற்பனை முகவராகத் தாழ்த்துகிறது.

ஆனால் பழுதறிதலின் பெயரால் கேட்கப்படும் எல்லாத் தொகையும் நியாயமானது என்று இதற்குப் பொருளில்லை. பிரித்துப் பார்க்கவேண்டும்.

கூலி பெறத்தக்கவை இவை: தேடுவதற்குச் செலவான நேரம்; அந்த நேரத்தில் அடங்கியுள்ள திறமை; கழற்றி மாட்டும் வேலை; வாடிக்கையாளரின் ஒப்புதலோடு கடலிலோ சாலையிலோ ஓட்டிப் பார்ப்பதற்கான எரிபொருள். பழுது எங்கே இல்லை என்று முறையாகச் சோதித்து விலக்கிய உழைப்பும் இதில் சேரும். இறுதியில் பழுது அற்பமானதாக இருந்தது என்பது கூலியைக் குறைக்கும் காரணமாகாது.

கூலி பெறத்தகாதவை இவை: சோதிக்காமல் மாற்றிப் பார்த்த உதிரிபாகம், அதைப் பொருத்திய வேலை, தன் கைத்தவறால் விளைந்த புதிய பழுது, சரிசெய்ததாகச் சொல்லிய பழுது சில நாளில் திரும்பினால் அதைத் திரும்பத் தேடுவது, புதிதாகச் சேர்ந்த பையன் தொழில் கற்றுக்கொள்ள எடுத்த நேரம். சோதனை வேறு, சூதாட்டம் வேறு. சோதனையின் செலவை வாடிக்கையாளர் ஏற்கலாம். சூதாட்டத்தின் நட்டத்தைச் சூதாடியவரே ஏற்கவேண்டும்.

‘இங்கேயே வேலையைக் கொடுத்தால் பார்த்த காசைக் கழித்துவிடுவோம்’ என்ற சலுகை பல கடைகளில் வழக்கத்தில் உள்ளது. கேட்பதற்கு இனிமையானது, உள்ளே பொறி வைத்தது. கழித்த தொகை வேறு வழியில், பெரும்பாலும் சாமானின் விலையில், திரும்ப வந்துசேரும். பழுதறியும் கூலி தனி, பழுதுநீக்கும் கூலி தனி, சாமான் விலை தனி என்று மூன்று வரியாக எழுதப்பட்ட ரசீதே நேர்மையானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ரசீது தர மறுப்பதை நேர்மையற்ற வணிகமுறை என்றே வகைப்படுத்துகிறது. அந்த ரசீதில் பழுதின் பெயரும் எழுதப்படவேண்டும். கூலி கொடுத்தவருக்கே அந்த அறிவு சொந்தம். அதை எடுத்துக்கொண்டு அவர் வேறு கடைக்கும் செல்லலாம். தொகையின் உச்சவரம்பு முன்கூட்டியே சொல்லப்படவேண்டும்; அதைத் தாண்டும் நிலை வந்தால் மறுபடியும் கேட்டுவிட்டுத்தான் தொடரவேண்டும்.

பூட்டிவைத்த அறிவின் வாடகை

தெருக்கடை மெக்கானிக்கின் முந்நூறு ரூபாயைக் கொள்ளை என்று சொல்கிறவர்கள், உண்மையான கொள்ளை நடக்கும் இடத்தைக் காண்பதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் மறைந்து ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் சென்சார்களும் வந்தன. காற்று மாசைக் குறைக்க அது தேவையான மாற்றம். அதில் குறைகாண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பழுது இப்போது ஒரு குறியீட்டு எண்ணாக வண்டியின் கணினிக்குள் பதிவாகிறது. அந்த எண்ணைப் படிக்கும் கருவியும், எண்ணுக்குப் பொருள் சொல்லும் கையேடும் யார் கையில் இருக்கின்றன என்பதே இன்றைய கேள்வி. தன் வண்டியின் நோய் தன் வண்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தும், அதைப் படிக்க உற்பத்தி நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்றால், அங்கே வசூலிக்கப்படுவது உழைப்பின் கூலி அன்று, வாடகை. நிலத்துக்கு வேலி போட்டு நிலவாடகை வாங்கிய பண்ணையாரின் இடத்தில், அறிவுக்கு வேலி போட்ட நிறுவனம் நிற்கிறது.

இது வெறும் குற்றச்சாட்டு அன்று. இந்தியப் போட்டி ஆணையத்தின் ஆவணங்களில் பதிவான உண்மை. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் சுதந்திரமான பழுதுபார்ப்போருக்குக் கிடைக்காமல் தடுத்துத் தங்கள் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தின என்பது அதன் முடிவு. விதிக்கப்பட்ட அபராதம் மொத்தம் 2,544.65 கோடி ரூபாய். டாட்டா, மகிந்திரா, மாருதி முதல் பெங்களூருவை அடுத்த பிடதியில் ஆலை வைத்திருக்கும் டொயோட்டா வரை அந்தப் பட்டியலில் இருந்தன. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையத்தின் முடிவை ஏற்றுக்கொண்டது. ஆனால் அபராதத்தைக் கணக்கிடும் அடிப்படையை மொத்த விற்பனையிலிருந்து விற்பனைக்குப் பிந்தைய வணிகத்தின் அளவுக்குச் சுருக்கியது. குற்றம் நிலைநின்றது, தண்டனை மெலிந்தது. முதலாளித்துவ நீதி இவ்வளவு தூரம்தான் நடக்கும்.

ஒன்றிய அரசு என்ன செய்தது? ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஆராய 2022 ஜூலையில் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையதளம் ஒன்றைத் திறந்துவைத்தது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதற்குள் வந்தன. மீனவரின் படகு எஞ்சின் அந்த நான்கில் இல்லை. உழவரின் டிராக்டர் நினைவுக்கு வந்த இடத்தில் மீனவரின் எஞ்சின் மறந்துபோனது. சேர்க்கப்பட்ட துறைகளிலும் நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவல் தரவேண்டும் என்ற எதிர்பார்ப்பே உள்ளது; தராவிட்டால் தண்டிக்கும் தனிச்சட்டம் இல்லை. பூனைக்கு மணிகட்டும் பொறுப்பைப் பூனையிடமே ஒப்படைத்த கதை இது.

மின்சார ஸ்கூட்டர்களின் வருகை இந்த ஏகபோகத்தை மேலும் இறுக்கியிருக்கிறது. பெங்களூருவையே தலைமையிடமாகக் கொண்ட ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்தைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவிமையத்திற்கு ஓராண்டில் 10,644 புகார்கள் வந்தன. சேவைத் தாமதம் உள்ளிட்ட அந்தப் புகார்களின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு அறிக்கை அனுப்பியது. புகாருக்கு நிறுவனம் கூறும் விளக்கம் எதுவாயினும், ஒரு படிப்பினை மறுக்கமுடியாதது: மென்பொருளின் சாவி ஒரே கையில் இருந்தால், அந்தக் கை சோர்ந்துபோகும்போது வண்டிகள் வரிசையில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கு ஸ்கூட்டர் வரிசையில் நிற்பதும் மீனவருக்குப் படகு கரையில் கிடப்பதும் ஒன்றே.

அமெரிக்காவிலேயே இந்தப் பூட்டு உடைபடத் தொடங்கியிருக்கிறது. உழவர்களின் போராட்டத்தின் விளைவாகக் கொலராடோ மாநிலம் 2023இல் வேளாண் கருவிகளுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. டிராக்டர் நிறுவனமான ஜான் டீர் பழுதறியும் மென்பொருளைத் தன் முகவர்களுக்குள் முடக்கிவைத்திருப்பதாக 2025 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. முதலாளித்துவத்தின் தலைமைக் கோட்டையில் உழவர்கள் கேட்பதைக் காக்ஸ் டவுன் மெக்கானிக்கும் முட்டம் மீனவரும் கேட்கக்கூடாதா?

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: ‘ஏழை வாடிக்கையாளர் பழுதறியும் கூலியைத் தாங்கமாட்டார்.’ உண்மையில் மறைமுகக் கட்டண முறையில் மிகுதியாக இழப்பவர் ஏழையே. வசதி படைத்தவர் காப்பீட்டையும் வாரண்டியையும் வைத்துத் தப்பிக்கிறார். ஆட்டோ ஓட்டுநரும் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணும் தேவையற்ற சாமானுக்குப் பணம் கட்டுகிறார்கள். பழுது தீராமல் மறுபடியும் கட்டுகிறார்கள். முன்கூட்டிச் சொல்லப்பட்ட முந்நூறு, பின்னால் பிடுங்கப்படும் இரண்டாயிரத்தைவிடச் சிறியது. அந்த முந்நூறையும் கொடுக்க இயலாதவர் இருக்கிறார் என்பது மெய். அதற்குத் தீர்வு கூட்டுறவிலும் பொதுத்துறைப் பணிமனையிலும் இருக்கிறது. மற்றொரு ஏழையின் உழைப்பை இலவசமாகப் பறிப்பதில் இல்லை.

இரண்டாம் மறுப்பு: ‘கடைக்காரர் குட்டி முதலாளி, அவருக்காகக் கட்சி ஏன் வாதாடவேண்டும்?’ இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. பல கடைகளில் பழுதைக் கண்டுபிடிப்பவர் கூலிக்கு நிற்கும் தொழிலாளி. ரசீது போடுபவர் உரிமையாளர். பழுதறியும் கூலி தனிவரியாக எழுதப்பட்டுவிட்டால், அதில் கண்டுபிடித்தவரின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி மறுநாளே எழும். எழவேண்டும். இன்று சாமான் லாபத்துக்குள் கரைந்து மறையும் திறமை, நாளை கணக்கில் தெரியும். கணக்கில் தெரிவதற்குத்தான் சங்கம் பேரம் பேசமுடியும். தனித்து நின்று தன் கையால் உழைத்துப் பிழைக்கும் சிறு மெக்கானிக்கோ ஏகபோகத்தால் நசுக்கப்படுபவர். தொழிலாளி வர்க்கத்தின் இயல்பான நேச சக்தி.

மூன்றாம் மறுப்பு நிறுவனங்களுடையது: ‘பாதுகாப்புக் கருதியே கருவிகளை வெளியில் தருவதில்லை.’ பாதுகாப்பின் பேரில் அறிவை மறைப்பதைப்போல் பாதுகாப்பற்றது வேறில்லை. மறைத்துவைத்தாலும் வண்டிகள் தெருக்கடைக்கு வரத்தான் போகின்றன. கையேடு இன்றிக் கழற்றத்தான் போகிறார்கள். கரையிலிருந்து பல மைல் தள்ளி எஞ்சின் நின்றுபோன படகில், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணியாளர் வந்து காப்பாற்றப் போவதில்லை. உடன் இருக்கும் மீனவருக்குத் தெரிந்த அறிவே அங்கே பாதுகாப்பு.

கூட்டுறவின் வழி

மாற்று என்பது கனவு அன்று. கேரளத்தில் 1984இல் தோன்றிய மத்ஸ்யஃபெட் மீனவர் கூட்டுறவு இணையம் அவுட்போர்டு எஞ்சின்களுக்கான பணிமனைகளை நடத்திவருகிறது. 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கிராமச் சங்கங்களை இணைத்தது. மீன் ஏலத்தையும் கடனையும் வியாபாரியின் பிடியிலிருந்து சங்கத்தின் கைக்கு மாற்ற முனைந்த அந்த அமைப்பு, படகு கட்டுவதையும் எஞ்சின் பராமரிப்பையும் சேர்த்தே ஏற்றெடுத்தது. உற்பத்திக் கருவியின் பழுதை அறியும் ஆற்றல் உற்பத்தியாளரின் கூட்டு உடைமையாக இருக்கமுடியும் என்பதற்கு இவை சான்று. தமிழ்நாடு மாநில மீனவர் கூட்டுறவு இணையம் இன்று மீனவருக்கு டீசல் விற்கிறது. டீசல் விற்கும் கூட்டுறவு, அந்த டீசலில் ஓடும் எஞ்சினின் நோயைக் கண்டறியும் பணிமனையையும் துறைமுகந்தோறும் நடத்தினால் என்ன?

நகரத்துக்கும் இதுவே வழி. காக்ஸ் டவுனின் தனித்தனிக் கடை ஒவ்வொன்றும் விலையுயர்ந்த ஸ்கேனரை வாங்கமுடியாது; பத்துக் கடைகள் சேர்ந்தால் முடியும். கர்நாடகச் சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றிய மோட்டார் போக்குவரத்து மற்றும் சார்புத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு, நலச் சட்டம் பணிமனைத் தொழிலாளரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. தொழிலாளர் போராட்டங்களின் பின்னணியில் கிடைத்த அந்த உரிமை வரவேற்கத்தக்கது. ஆனால் விபத்துக்கும் நோய்க்கும் உதவித்தொகை என்பதோடு நலம் முடிந்துவிடுவதில்லை. திறமைக்குக் கருவி, கருவிக்குக் கையேடு, கண்டறிதலுக்குக் கூலி ஆகியவையும் நலமே.

ஆகவே எழுப்பவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. பழுதறியும் கருவி, குறியீடு, கையேடு ஆகியவற்றை எல்லாப் பழுதுபார்ப்போருக்கும் நியாயமான விலையில் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒன்றியச் சட்டம் வேண்டும். படகு எஞ்சின்களும் அதற்குள் வரவேண்டும். துறைமுகங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் கூட்டுறவுப் பழுதறியும் மையங்களுக்கு மாநில அரசுகள் நிதி ஒதுக்கவேண்டும். மூன்று வரி ரசீது எல்லாக் கடைகளிலும் நடைமுறையாகவேண்டும். அதில் தெரியும் பழுதறியும் கூலியில் கண்டுபிடித்த தொழிலாளியின் பங்கு கூலிப் பேச்சுவார்த்தையின் பொருளாகவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சட்டமும் நிதியும் தேவைப்படாத ஒரு கடமை இன்றே செய்யத்தக்கதாக இருக்கிறது. அடுத்த முறை மெக்கானிக் ஒருவர் நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘சாமான் எதுவும் மாற்றவேண்டாம், ஒயர்தான் விட்டிருந்தது’ என்று சொல்லும்போது, தோழர் ஒருவர் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, ‘சும்மா பார்த்ததற்கு எதற்குக் காசு?’ என்பதன்று, ‘கண்டுபிடித்ததற்கு எவ்வளவு தரவேண்டும்?’ என்பதே. உழைப்பின் பக்கம் நிற்பது மேடையில் தொடங்கினாலும், அது சோதிக்கப்படுவது கடை வாசலில்தான்.